மணியும் கொக்கும்

மெலோ, ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி எபெருக்கு,

மொந்தேவிதேயோவில் நீயும் உன் தெர்மாஸும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீடும் நிற்கிறோம். அக்கி ஆறிவிட்டது. அது விட்டுப்போன வலி மட்டும் விலா ஓரத்தில் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நோட்டரியான எனக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதத் தெரியும்; இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. சட்டை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் இருப்பதால் தூக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

டாக்டர் கஞ்சா எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். சொட்டு மருந்து வயிற்றைப் புரட்டியது. புகை கூடவே கூடாது என்கிறாள்; நுரையீரல் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எரிக்காமல் சூடு மட்டும் காட்டி ஆவியாக இழுக்கிற கருவி இருக்கிறதாம். மேஜையில் வைக்கிற வகை, உள்ளே உருண்டைகள் போட்டது, அதுதான் நல்லது என்றாள். செடிக்குக் குறைவில்லை. சட்டம் அனுமதிக்கிற ஆறு செடியைப் பதிவு செய்து வைத்து, அறுத்து, காயவைத்து ஜாடியில் போட்டாயிற்று. தக்காளி ஓரம் தானாக முளைத்த ஏழாவதைப் பக்கத்து வீட்டு இராசெமாவைச் சாட்சி வைத்துப் பிடுங்கிப் போட்டேன்.

நீ அங்கே கஞ்சா வளர்ப்போர் சங்கத்தில் உறுப்பினன். தவிரவும், டெண்டர் பிரிவில் பொருள்களை ஒப்பிட்டுத்தான் ஓய்வூதியம் வாங்குகிறாய். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் ஜூன் குளிர் இறுகுவதற்குள் அனுப்பு. பதிலைப் பஸ் பார்சலில் கடிதமாகவே போடு. போனில் நாம் எதை ஆரம்பித்தாலும் நான் வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்பதில்தான் முடிகிறது. போன வருஷம் நீ அனுப்பிய முதியோர் இல்லங்களின் ஒப்பீட்டுப் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கப் பார்த்தேன். காகிதம் ரொம்பத் தடிமன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுல்மா

பி.கு. தட்டச்சில் இருக்கிறதே என்று யோசிக்காதே. டிசம்பரில் ஓய்வு. அதுவரை கையெழுத்தைப் பத்திரங்களுக்காக மிச்சம் பிடிக்கிறேன்.


மொந்தேவிதேயோ, ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

இங்கே முதுகைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. உன் வலி குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கருவியின் சாரம் இது. ஓர் உலோகத் தலை. அதற்குள் கடலைப் பருப்பு அளவில் செயற்கை மாணிக்க உருண்டைகள். சுற்றிலும் மின்சுருள். உருண்டைகள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீ இழுக்கிற காற்று அவற்றின் இடுக்கில் புகுந்து சூடாகி, கிண்ணத்தில் பொடித்து வைத்த மொட்டின் வழியாக இறங்கி, தண்ணீர்க் குடுவையில் ஆறி, வாய்க்கு வரும். நெருப்பில்லை, சாம்பலில்லை. என் கவலை நெருப்பைப் பற்றியதுதான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பலவற்றை வடிகட்டியதில் இரண்டு மிஞ்சின. சங்கத்தில் இரண்டுமே இருக்கின்றன. பெயர்கள் வாயில் நுழையாததால் மணி, கொக்கு என்று கூப்பிடுகிறோம். மணிக்குத் தலை தனி. மாதாகோயில் மணி போன்ற உருவம், மேலே மரக் கைப்பிடி, பின்னால் ஒயர். ஒவ்வொரு தடவையும் சூடான தலையைத் தாங்கியிலிருந்து தூக்கிக் குடுவைமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். கொக்குக்குத் தலை ஒரு கம்பத்தில் அசையாமல் நிற்கும். கிண்ணத்தை அடியில் செருகிவிட்டுக் குழாயில் இழுத்தால் போதும். சூடான எதையும் தொட வேண்டியதில்லை.

சங்கத்தில் இதனால் இரண்டு கட்சி. மணிக்காரர்கள் கொக்குக்காரர்களோடு ஒரே மத்தேக் குடுவையில் இலை போட்டு வெந்நீர் ஊற்றிக் கைமாற்றிக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தோட்டக்காரன் பல்தசாரிடம் கேட்டேன். அவன் ஒரே போடாகப் போட்டான்: “மணிய வாங்குங்க எபெர். கொக்கு, கை நடுங்குற கெழடுங்களுக்குச் செஞ்சது.” எல்லோரும் சிரித்தோம்.

ஆனாலும் அவசரப்பட மாட்டேன். வெளிநாட்டுப் பார்சல் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று சுங்கத்தில் கணக்கு இருக்கிறது. என் பங்கில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. தவறாக வாங்கினால் அடுத்த வருஷம்தான் திருத்த முடியும்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள்.
எபெர்


மெலோ, மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதுகுக்கு வெந்நீர்ப் பை வை. இங்கே நான் அப்படியேதான். விலாவும் அப்படியே.

எனக்குக் கொக்குதான் பிடித்திருக்கிறது. பக்கமேஜையின் உயரத்துக்குப் பொருந்தும். நம் ஊர்ச் சதுப்பில் கொக்கு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மணி என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாதது நினைவுக்கு வரும்.

அந்த மணியின் தலை எவ்வளவு கனம் இருக்கும்? தூக்கும்போது ஒயர் இழுக்குமா? எனக்காக இல்லை, இராசெமா கேட்கிறாள். அவளுக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேறு சேதி, மத்தேயை விட்டுவிட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இராசெமா வந்து அவளே ஊற்றி அவளே குடித்துவிட்டுப் போகிறாள். “மத்தே வேணாங்கிற ஆளை இந்த நாட்டுல ஓட்டுப்போட விடுவாங்களா?” என்று கேட்டாள். சட்டத்தில் தடை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் முடிவெடு.
சுல்மா


மொந்தேவிதேயோ, மே 29

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்குக் காரணம் ஆய்வு. முதுகு சரியாகிவிட்டது; இப்போது நெஞ்சு படபடக்கிறது. கருவியைப் பற்றி யோசிப்பதால் என்று நினைக்கிறேன்.

கொக்குக்கு நீ சொன்ன காரணங்களைக் கவனமாகப் படித்தேன். பக்கமேஜை, சதுப்பு, பூசை. எங்கள் அலுவலகத்தில் இவற்றைத் ‘தொழில்நுட்பம் சாராதவை’ என்று ஒதுக்குவோம். நீ நோட்டரி, உனக்குப் புரியும்.

தலையின் கனம் பெரிதில்லை. தண்ணீர் நிறைந்த தெர்மாஸில் பாதிகூட வராது. சூடுதான் என் கவலை. மத்தேத் தண்ணீர் கொதித்தாலே இலை கசந்துவிடும் என்று அம்மா முழுவதையும் கீழே கொட்டிவிடுவாள். இந்தத் தலை அதைப்போலப் பல மடங்கு. கைப்பிடியின் மரம் கருகுமா, சல்லடை விட்டு உருண்டை நழுவுமா, உன் வீட்டுப் பழைய மின்கம்பி தாங்குமா என்று மூன்றுக்கும் தனித்தனித் தாள் போட்டிருக்கிறேன். நீ மத்தேயை விட்டதையும் சேர்த்துக்கொண்டேன். தொண்டை வறளும் என்பதால் பெரிய தண்ணீர்க் குடுவைக்குக் கூடுதல் மதிப்பெண்.

ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது: ‘பயனாளியின் கைகள்’. அதில் ஏதாவது சிரமம் உண்டா? இருந்தால் ஒளிக்காதே. போன வருஷப் பட்டியலில் முதலாவதாக வந்த இல்லத்தில் தோட்டம் பார்த்த அறை ஒன்று காலியாகியிருக்கிறதாம், தற்செயலாக விசாரித்தேன். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

குளிரில் வெளியே போகாதே.
எபெர்


மெலோ, ஜூன் 3

தம்பி எபெருக்கு,

உன் நெஞ்சு படபடப்பு நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த வட்டாரத்தில் பாதி நிலம் கைமாறியது என் கைகளால்தான். அவற்றில் சிரமம் இல்லை. கட்டத்தை நிரப்பிக்கொள்.

மணியோ கொக்கோ, எதுவானாலும் அனுப்பு. புல்லில் உறைபனி பிடிக்கிறது. தூக்கம் எப்படி என்று கேட்டிருந்தாய், இல்லை, கேட்கவில்லை. போகட்டும்.

சுல்மா


மொந்தேவிதேயோ, ஜூன் 30

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி? இந்தக் கேள்வியை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உன் பதில் வந்ததும் முடித்திருக்கலாம். அப்போது பார்த்து மாணிக்க உருண்டையா பளிங்கு உருண்டையா என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. மாணிக்கம் சூட்டை அதிக நேரம் வைத்திருக்கும், பளிங்கு ருசியைக் கெடுக்காது. இரண்டையும் கலந்து போடலாம் என்றான் ஒருவன். அவனை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. இதற்கிடையில் மூன்றாவது கருவி ஒன்று சந்தைக்கு வந்தது. பட்டியலை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

வேலையில் இருந்த காலத்தில் என் மேஜைக்கு வந்த டெண்டர்களில் பெரும்பாலானவை ‘தகுதியான விண்ணப்பம் இல்லை’ என்று ரத்தாகித்தான் போயின. எதையும் வாங்காதவரை எதுவும் பழுதாவதில்லை. மேலதிகாரிகளுக்கு அது பிடித்திருந்தது.

நேற்றுச் சங்கத்தில் பட்டியலை விரித்து விளக்கிக்கொண்டிருந்தேன். பல்தசார் தொட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “அதெல்லாம் கெடக்கட்டும். உங்க அக்கா ராத்திரி தூங்குறாங்களா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை அக்கா. பட்டியலில் எல்லா வரிசையும் இருந்தது, அது இல்லை. உன் கைகளில் சிரமமில்லை என்பதால் நேற்று மத்தியானமே மணிக்குப் பணம் கட்டிவிட்டேன். மாணிக்க உருண்டை. இனி யோசிக்கப்போவதில்லை என்று எழுதுகிறேன்; எழுதும்போதே யோசிக்கிறேன்.

எபெர்


மொந்தேவிதேயோ, ஜூலை 18

அன்புள்ள அக்கா,

பார்சல் இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் வருகிறது. ஓட்டுநரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் தடவை போனபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிண்ணத்தில் மொட்டை அழுத்தாமல் தூவு. மத்தே இலையை ஒரு பக்கம் மலைபோல் சாய்ப்பாயே, அப்படிச் சாய்க்காதே, சமமாக இருக்கட்டும். சூட்டைக் குறைவாக வைத்து ஆரம்பி. ஒரு கை குடுவையில், ஒரு கை தலையில். மெதுவாக, நீளமாக இழு. உபயோகித்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது. அன்றே எழுது.

எபெர்


மொந்தேவிதேயோ, ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

நீ நலமா? பார்சல் வந்ததா? பஸ் அலுவலகத்தில் யாரோ கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். இராசெமா என்று இருந்தது.

மெலோவில் தீ விபத்து ஏதாவது உண்டா என்று வானொலிச் செய்தி கேட்கிறேன். மாட்டுச் சந்தை விலைதான் சொல்கிறார்கள். போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைக்கிறேன். ஒரு வரி போதும்.

எபெர்


மெலோ, ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலம் கண்டு மகிழ்ச்சி. தாமதத்துக்கு மன்னிக்கவும், அலுவலகத்தில் வேலை.

கருவி மிகச் சிறப்பாக இருக்கிறது. சூடு சீராகப் பரவுகிறது. ஆவி மென்மையாகவும் நறுமணத்தோடும் வருகிறது. கைப்பிடியின் வடிவமைப்பு மிக வசதி. சுத்தம் செய்வதும் எளிது. வலி குறைந்து நன்றாகத் தூங்குகிறேன். எந்தக் குறையும் இல்லை. உன் தேர்வு சரியானது.

இனி இதைப் பற்றிக் கவலைப்படாதே.

(முத்திரை: சுல்மா எட்செகோயென், நோட்டரி, மெலோ)


மொந்தேவிதேயோ, ஆகஸ்ட் 13

அக்கா,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பொருளை விற்கிறவன் எழுதும் கடிதங்களையும் வாங்கினவன் எழுதும் கடிதங்களையும் படித்துத்தான் என் காலம் போனது. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்: ஒரு பொருளை உண்மையாகப் புழங்குகிறவன் அதைத் திட்டுவான். பம்பு நன்றாக ஓடுகிறது, ஆனால் கைப்பிடி தப்பான பக்கம் இருக்கிறது என்பான். சங்கத்தில் மணியை உயிராக மதிக்கிறவர்கள்கூட ஒயர் முறுக்கிக்கொள்கிறது, தலை மூக்கில் சூடு அடிக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்புகிறார்கள். உன் கடிதத்தில் ஒரு புலம்பல் இல்லை. ‘சூடு சீராகப் பரவுகிறது’ என்பது பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளின் முதல் வரி. பெட்டியை மூடும்முன் நான் அதைப் படித்தேன்.

அதற்குப் பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். எல்லாமே தட்டச்சு. ஒன்றிலும் நீ கையால் எழுதிய ஓர் எழுத்தில்லை. கடைசியில் கையெழுத்துக்குப் பதில் முத்திரை. பார்சலை வாங்கினது இராசெமா. தலை எவ்வளவு கனம் என்று கேட்டதும் அவளாம். நீ மத்தேயை விட்டாய். ஒரு கையில் குடுவை, ஒரு கையில் தெர்மாஸ், ஒரு துளி வெளியே போகாமல் நம் வீட்டில் ஊற்றினவள் நீ. இந்த நாட்டில் எந்தத் தம்பியும் அதைக் கேட்டு அன்றைய பஸ்ஸில் ஏறியிருப்பான். நான் தண்ணீர்க் குடுவைக்கு மதிப்பெண் போட்டேன்.

நீ கொக்கு கேட்டாய். காரணத்தைச் சொல்ல முடியாமல் பக்கமேஜையைச் சொன்னாய். நான் தோட்டம் பார்த்த அறையைக் காட்டிக் கையில் சிரமம் உண்டா என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் யார்தான் உண்மை சொல்வார்கள்?

முதியோர் இல்லப் பட்டியலில் ஒரு பெரிய குறைபாடு கண்டுபிடித்திருக்கிறேன். பயனாளியைக் கேட்காமல் தயாரித்தது. விதிப்படி ரத்து செய்துவிட்டேன். இனி எழாது.

கொக்கு புதிதாக வரவழைக்க முடியாது. சங்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் பல்தசார் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே கொக்கு, நன்றாகப் புழங்கினது. வீட்டில் அவன் அதைத்தான் வைத்திருக்கிறானாம். நான் பார்த்த பார்வைக்கு, “என்ன பாக்குறீங்க? சங்கத்துல நாலு பேரு முன்னாடி மணி. வீட்ல யாரு பாக்குறா?” என்றான். மணியை அவனுக்குக் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். வர வேண்டாம் என்றால் எழுது. எழுதினாலும் வருவேன் என்று நினைக்கிறேன், அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நீ எப்படி இருக்கிறாய்?

எபெர்


மெலோ, ஆகஸ்ட் 17

எபெர்,

கையால் எழுதுகிறேன். படிக்க முடியாத வார்த்தையை விட்டுவிட்டு அடுத்ததைப் படி.

நன்றாக இல்லை. உன் மணி சனியன். கைப்பிடி வழுக்குகிறது, ஒயர் கட்டை, தாங்கி ஆடுகிறது. ஒரே ஒரு தடவை தூக்கினேன். அம்மாவின் மேஜைமேல் விழுந்தது. இராசெமா தெர்மாஸோடு வந்திருந்ததால் வீடு பிழைத்தது. மரத்தில் வட்டமாகக் கறுப்பு அச்சு. நான் வைத்த முத்திரைகளிலேயே அதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

மார்ச்சிலிருந்து கை இப்படித்தான். பயப்படுகிற வகை இல்லை என்கிறாள் டாக்டர். பயப்படாத வகைக்கும் கை நடுங்கத்தான் செய்கிறது. அப்போதிலிருந்து ஒரு பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. வேலை அதிகம் என்று சொல்லி வந்தவர்களை அடுத்த தெரு நோட்டரியிடம் அனுப்பிவிடுகிறேன். அவன் எழுத்துப் பிழை விடுகிறான். இந்தக் கையை வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்றக் கூடாது அல்லவா? உன்னைத் தவிர.

தூங்கி நாளாயிற்று. கொக்கைக் கொண்டு வா. பஸ் நிலையத்துக்கு இராசெமா வருவாள், சிவப்புக் கோட்டு. மேஜையைப் பார்த்து ஒன்றும் சொல்லாதே.

மத்தேயை நான் விடவில்லை. எனக்கு ஊற்ற முடியவில்லை. இராசெமா ஊற்றினால் தண்ணீரைக் கொதிக்க விட்டுவிடுகிறாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

தெர்மாஸை எடுத்து வா. நீ ஊற்று. குடுவையைப் பாதி மட்டும் நிரப்பிக் கொடு.

சுல்மா